கொசுறுக்கு இரண்டு வேளை ஊசி

எவனோ ஒருத்தன் என் பூனைக்குத் திருட்டுத்தனமாக இனிப்புக் கொடுக்கிறான் தம்பி. எவன் என்று மட்டும் தெரியவில்லை. தெரிந்த அன்றைக்கு அவன் இருக்கிறான், இல்லாவிட்டால் நான் இருக்கிறேன். ஒரு வாயில்லா ஜீவன். சர்க்கரை வியாதி வந்து, பின்னங்கால் மடங்கி நடக்கிறது. அதற்குப் போய் இனிப்பைக் கொடுக்கிறவனை என்னவென்று சொல்வது? கொலைகாரன் என்றுதான் சொல்ல வேண்டும்.

உட்காருங்கள், உட்காருங்கள். கூடையை மடியில் வைத்துக்கொள்கிறேன். ஈரோடு வரைக்குமா? நல்லதாகப் போயிற்று. பயப்படாதீர்கள், உள்ளே இருப்பது பூனைதான், கடிக்காது. கண்டக்டர் இதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னான். "மடியில உக்காந்து வர்ற கொழந்தைக்கு டிக்கெட் கேப்பியா?" என்றேன். "கொழந்தையாங்க இது? மீசையைப் பாருங்க" என்றான். "உனக்குந்தான் மீசை இருக்குது, நீ டிக்கெட் எடுத்தியா?" என்றேன். முன்பக்கம் போய்விட்டான்.

பேச்சுதான் எனக்குப் பிழைப்பு. நாட்ராயன் என்று பெயர், மாட்டுத் தரகு. சென்னிமலையில் இறங்கித் தரகு நாட்ராயன் வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். என்னைப் படிக்க வைத்தது சந்தை. முதல் வருஷம், பல்லைப் பிடித்துப் பார்க்கத் தெரியாமல், ஒரு கிழட்டு மாட்டைப் போய் இளம் மாடு என்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். வாங்கினவர் அடுத்த சந்தைக்கு வந்து, நடுச் சந்தையில் வைத்துச் சாட்டைக் கம்பாலேயே அடித்தார். அது ஒன்றாம் வகுப்பு. மீதி வகுப்புகளையும் அப்படியே படித்தேன். இன்றைக்கு மாடு நாலு அடி நடந்தால் போதும், அதற்குள் என்ன வியாதி இருக்கிறது, அதன் முதலாளிக்கு என்ன அவசரம் இருக்கிறது, இரண்டையும் சொல்லிவிடுவேன்.

அப்பேர்ப்பட்ட எனக்கே, வீட்டுப் பூனைக்கு இனிப்புக் கொடுக்கிறவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் வயிறு எரிகிறது.

இது வந்த கதையைக் கேளுங்கள். அரச்சலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பசு பேசப் போயிருந்தேன். பேசி முடித்தாயிற்று, கை கொடுத்தாயிற்று. நான் யாரிடமும் கொசுறு வாங்காமல் எழுந்திருப்பதில்லை. கயிறு, மணி, ஒரு படி தவிடு, ஏதாவது ஒன்று கூட வர வேண்டும். "அப்புறம், கொசுறு என்னங்க?" என்றேன். தோட்டக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னுமா! உசிரைத் தவிர எல்லாத்தையும் வாங்கிட்டீங்க. இந்தாங்க, இதையும் எடுத்துட்டுப் போங்க" என்று காலடியில் கிடந்த குட்டியைத் தூக்கி என் கையில் வைத்துவிட்டார். நான் விடுவேனா? துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பெயர் கொசுறு.

என் கைக்கு வந்த உருப்படி ஒன்றுகூட என் கையில் நின்றதில்லை தம்பி. காலையில் பிடித்த கயிறு மத்தியானம் இன்னொருத்தர் கைக்குப் போய்விடும். தொழில் அப்படி. இது ஒன்றுதான் நின்றது. ஒரு தடவை ஒரு பட்டணத்து ஆள், "அழகா இருக்குதே, குடுக்கறீங்களா?" என்று கேட்டார். எதற்கும் விலை சொல்கிற எனக்கு வாயே வரவில்லை. "கிளம்புங்க" என்றேன். அவ்வளவுதான்.

இந்த வருஷ ஆரம்பம், மழை முடிந்த சமயம். கொசுறு குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் காளைமாடு தோற்றுவிடும். மாடு குடிக்கிற தொட்டி விளிம்பில் ஏறி நின்று குடிக்கிறது. சாப்பாடும் குறையவில்லை, ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. ஒரு நாள் வாசலில் நடந்து வந்தது பாருங்கள், பின்னங்கால் இரண்டும் குதிகால் தரையில் பட, முயல் மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. மாடு அப்படி நடந்தால் சந்தைக்குள்ளேயே விட மாட்டேன்.

என் வீட்டுக்காரி மயிலாத்தாள் சொன்னாள்: "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போங்க. மாடுன்னா இந்நேரம் நாலு டாக்டரைக் கூட்டியாந்திருப்பீங்க."

ஈரோட்டில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். சின்ன வயசு. என் மகள் வயசுதான் இருக்கும், ஆனால் முகத்தில் ஒரு கண்டிப்பு. ரத்தம் எடுத்துப் பார்த்தார். "ஐயா, இதுக்குச் சர்க்கரை" என்றார்.

"பூனைக்கா? அது என்ன ஆபீஸிலயா வேலை பாக்குது அம்மிணி?"

சிரிக்கவே இல்லை. "இன்சுலின் ஊசி போடணும். ரெண்டு யூனிட். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தினமும். வீட்டுல நீங்கதான் போடணும்."

தம்பி, என் கை தானாகத் தோளில் இருந்த துண்டை எடுத்துவிட்டது. உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, சந்தையில் நாங்கள் விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டுக்குள் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முப்பது வருஷப் பழக்கம். மேஜைக்கு மேல் துண்டை விரித்து நீட்டிவிட்டேன். "ஒரு யூனிட், ஒரு வேளை. முடிச்சுக்கலாங்களா?" என்றேன்.

டாக்டரம்மா துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு புது ஊசியை எடுத்துத் துண்டுக்கு அடியில் என் உள்ளங்கையில் வைத்தார். "ரெண்டு யூனிட், ரெண்டு வேளை" என்றார்.

ஆயுசில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் அந்த அம்மிணி மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. சந்தைக்கு வந்திருந்தால் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டிருக்கும்.

எல்லாம் சொல்லிக் கொடுத்தார். மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். பூனை சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். சாப்பிடாவிட்டால் போடாமல் அவருக்குப் போன் பண்ண வேண்டும். பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து, அடியில் குத்த வேண்டும். சோறு கிடையாது, பால் கிடையாது, பிஸ்கெட் கிடையாது. வேக வைத்த கோழிக்கறி, முட்டை, இவ்வளவுதான். காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வீட்டிலேயே சர்க்கரை பார்க்க ஒரு மெஷின்.

முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? தோலைத் தூக்கிப் பிடித்தேன், குத்தினேன், மருந்தை இறக்கினேன். பூனை அசையவே இல்லை. "பாத்தியா மயிலா, கை எப்படி!" என்றேன். "ரொம்ப நல்லாருக்குது. மருந்து பூரா உங்க கட்டைவெரல்ல வழியுது" என்றாள். இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வந்துவிட்டது! மாட்டுக்கு ஊசி போடும்போது எத்தனை தடவை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மாட்டுத் தோலும் பூனைத் தோலும் ஒன்றா? ஒரு வாரத்தில் படிந்துவிட்டது. இப்போது நான் குத்துவது அதற்கே தெரியாது.

ஆனால் ஒன்று தம்பி. நான் யாரிடமும் சும்மா வேலை வாங்குகிறவன் இல்லை. ஒரு ஜீவன் நமக்காகக் கழுத்தை நீட்டிக் குத்து வாங்குகிறது என்றால் அதற்கு ஒரு கூலி உண்டா இல்லையா? அதனால் குத்துவதற்கு முன்னால் அச்சாரமாக ஒரு சுண்டைக்காய் அளவு பால்கோவா. குத்தி முடிந்ததும் மீதிக் கூலியாக இன்னொரு சுண்டைக்காய் அளவு. பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் நல்ல பசும்பால் பால்கோவா, அதில் கலப்படம் கிடையாது. பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே கொசுறு வந்து மடியில் ஏறிக் கழுத்தைக் காட்டும். டாக்டரம்மாவுக்குக்கூட இந்தச் சூட்சுமம் தெரியாது. தொழில் ரகசியம்.

சரி, இவ்வளவு நேர்மையாக நடத்துகிறேன். சர்க்கரை இறங்க வேண்டுமா இல்லையா? இறங்கவில்லை. மெஷினில் பார்த்தால் முந்நூறுக்குக் கீழே வரமாட்டேன் என்கிறது. டாக்டரம்மா கேட்டார்: "ஐயா, சாப்பிட என்ன குடுக்கறீங்க?"

"கோழிக்கறி. உப்பில்லாம, காரமில்லாம."

"வேற?"

"வேற ஒண்ணுமே இல்லீங்க அம்மிணி. சத்தியமா."

"அப்படீன்னா யாரோ வெளியில இனிப்போ பாலோ குடுக்கறாங்க" என்றார். அன்றைக்குப் பற்றிய தீ தம்பி, இன்னும் அணையவில்லை.

என்னது? என்ன கேட்டீர்கள்? பால்கோவாவைச் சொல்லவில்லையா என்றா? அவர் சாப்பாடு என்ன என்று கேட்டார். நான் சாப்பாட்டைச் சொன்னேன். இது கூலி. நீங்கள் படித்தவர், கூலிக்கும் சாப்பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? உங்களிடம் ஒருத்தர் மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மாசச் சம்பளத்தையா சொல்வீர்கள்? விடுங்கள்.

சந்தேகம் முதலில் யார் மேல் வரும்? பக்கத்து வீட்டு அர்த்தனாரி மேல்தான். அவனுக்கும் எனக்கும் ஒரு எருமை விஷயத்தில் மனத்தாங்கல் உண்டு. எருமை நன்றாகத்தான் இருந்தது, அவன் கறக்கிற கைதான் சரியில்லை. அது கிடக்கட்டும். நேராகப் போய் வாசலில் நின்றேன்.

"ஏப்பா அர்த்தனாரி, எம்மேல கோவம்னா என்னை அடி. பூனைக்கு ஏன் இனிப்பைக் குடுக்கறே?"

கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்துகூட உட்காரவில்லை. "எங்கூட்டு நாய்க்கே நான் சோறு போடறதில்லை நாட்ராயா. அது உங்கூட்லதான் திங்குது. உம்பட பூனைக்கா பால் ஊத்தப் போறேன்?"

"பாலுன்னு உனக்கு யாரு சொன்னா? நான் இனிப்புன்னுதானே சொன்னேன்?"

"அட, பூனைன்னா பாலுதானப்பா! பின்ன என்ன, பிரியாணியா போடுவாங்க?"

அவன் சம்சாரம் உள்ளேயிருந்து சிரித்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தேன். அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

சரி, ஆளைப் பிடிக்க முடியவில்லை, பூனையையாவது அடைத்து வைப்போம் என்று, தவிட்டு மூட்டை போடுகிற அறையைக் காலி பண்ணி, ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்து, உள்ளே விட்டுப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில். மயிலாத்தாளிடம்கூடக் கொடுக்கவில்லை. நானே திறப்பேன், நானே கறி வைப்பேன், நானே ஊசி போடுவேன், கூலி கொடுப்பேன், நானே பூட்டுவேன். ஈ, எறும்பு நுழைய முடியாது.

சர்க்கரை ஏறியிருக்கிறது!

பூட்டின அறைக்குள்ளே தம்பி! எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தால் பூட்டின அறைக்குள் வந்து கொடுத்துவிட்டுப் போவான்? சந்தையில் எத்தனையோ தில்லுமுல்லு பார்த்திருக்கிறேன். மாட்டுக்குக் கொம்பு சீவி, சாயம் பூசி, வயசைக் குறைத்துக் கொண்டு வருவார்கள். அவர்களெல்லாம் இவனிடம் பிச்சை எடுக்க வேண்டும்.

மயிலாத்தாளிடம் கேட்டேன். "உனக்குச் சந்தேகம் யாரு மேல?"

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஆளே தெரியும்" என்றாள்.

"யாரு? சொல்லு! கையை ஒடிச்சுப் போடறேன்."

"அதுக்குத்தான் சொல்லலை. ஒடிஞ்ச கையோட அப்புறம் எனக்கு வேலை வைப்பீங்க."

இப்படித்தான் தம்பி, இந்தப் பொம்பளைகள் பேச்சுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது.

அப்புறம் ஆடி வந்தது. ஆடியில் அந்தியூர்த் தேர்ச் சந்தை. குதிரையும் மாடும் மலை மாதிரி வந்து குவியும். தரகன் அங்கே போகாமல் இருக்க முடியுமா? வேறு வழியில்லாமல் சாவியை மயிலாத்தாளிடம் கொடுத்தேன். ஊசி போடக் காட்டிக் கொடுத்தேன். நான் காட்டுவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது, அது வேறு விஷயம். அந்தியூரில் எனக்கு வேலையே ஓடவில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்துக்கொண்டே, இந்நேரம் ஊசி போட்டிருப்பாளா என்று யோசித்து, ஒரு குதிரைக்குத் தப்பு விரலைக் காட்டிவிட்டேன். நாட்ராயனுக்கு வயசாகிவிட்டது என்று சந்தையே சிரித்தது.

திரும்பி வந்து பார்க்கிறேன், கொசுறு வாசற்படியில் ஏறுகிறது. குதிகால் படாமல் ஏறுகிறது! தண்ணீர்ப் பாத்திரம் பாதிகூடக் குறையவில்லை. மெஷினில் பார்த்தால் பாதிக்குப் பாதி இறங்கியிருக்கிறது. மயிலாத்தாளைத் தூக்கிச் சுற்றாத குறை.

"எப்படி மயிலா? அவன் வரலையா?"

"அவரு ஊர்ல இல்லீங்க" என்றாள்.

பார்த்தீர்களா! வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவனும் அந்தியூர் வந்திருக்கிறான்! அப்படியென்றால் அர்த்தனாரி இல்லை, அவன் கட்டிலை விட்டே எழுந்திருக்கிறவன் இல்லை. சந்தைக்கு வருகிறவன். என் தொழில்காரன். என்னைப் பிடிக்காதவன். கொலைகாரனுக்கு அவள் மரியாதை வேறு கொடுக்கிறாள், அவருங்கிறாள், பாருங்கள்.

அதோடு ஒன்று கேட்டேன். "கூலி குடுத்தியா?" இல்லையென்றாள். ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லையாம்! பாவம் தம்பி, அத்தனை நாளும் அது சும்மாவே குத்து வாங்கியிருக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஊருக்குள் யாருக்கும் நான் பாக்கி வைத்ததில்லை, வீட்டுப் பூனைக்கு வைப்பேனா? விட்ட கூலியையெல்லாம் சேர்த்து, ஒரு தட்டில் வைத்து, மொத்தமாகக் கொடுத்துவிட்டேன். நக்கி நக்கித் தின்றது. மயிலாத்தாள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியாது.

அன்றைக்குச் சாயங்காலம் மெஷினை வைத்தால், ஏறின ஏற்றம் அப்பப்பா! இதுவரைக்கும் அப்படி ஏறினதே இல்லை. நான் ஊருக்குள் கால் வைத்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டானே!

இப்போது யோசித்துப் பார்த்தால் எல்லாம் புரிகிறது. அவன் மயிலாத்தாளுக்குப் பயப்படுகிறான். எனக்குப் பயப்படவில்லை. நான் இருக்கும்போதுதான் வருகிறான். என்னை வைத்துத்தான் என் பூனையைக் கொல்லப் பார்க்கிறான். அப்படி ஒரு வன்மம். அப்படி நான் யாருக்கு என்ன செய்துவிட்டேன்?

வெள்ளோடு தாண்டியாயிற்றா? இன்னும் கொஞ்ச தூரம்தான்.

போன தடவையே டாக்டரம்மா சொல்லிவிட்டார். "ஐயா, அடுத்த தடவை வர்றப்பவும் சர்க்கரை இப்படியே இருந்தா, இந்தக் கால் திரும்ப வராது. காலோட நிக்காது, உசிருக்கே வந்துரும்." மெதுவாகத்தான் சொன்னார். அந்த அடுத்த தடவை இன்றைக்குத்தான். கொல்லைச் சுவர் மேல் உட்கார்ந்து தெருவை அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தது இது. இப்போது நான் கூடவே நின்று கொஞ்ச நேரம் வெளியில் விட்டால், சுவருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறது. பார்த்துவிட்டு, ஏறிப் பார்க்கக்கூட மாட்டாமல், அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. நான் தூக்கி மேலே வைத்தால் உடனே இறங்கிவிடுகிறது. தானாக ஏறினால்தானே அதற்கு மரியாதை? நானே அப்படித்தான் மேலே வந்தவன். எனக்குத் தெரியும்.

காலையில் கிளம்பும்போது மயிலாத்தாள் சொன்னாள்: "டாக்டரம்மாகிட்ட நான் போன்ல பேசிட்டனுங்க. ஆளு யாருன்னு அவங்களே காட்டுவாங்க. நீங்க சத்தம் போடாம பாத்துட்டு வாங்க."

"நீ வரலையா?"

"நான் வந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றாள். எனக்கு என்ன கஷ்டம்? சாவியையும் வாங்கி அவளே இடுப்பில் சொருகிக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன். இந்தக் காலத்தில் ரத்தத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்களாம். இனிப்பு எது, கொடுத்தவன் எவன், எல்லாம் வந்துவிடும் போலிருக்கிறது.

ஏன் தம்பி என்னையே அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் அடித்துவிடுவேன் என்று நினைக்கிறீர்களா? காலையில் வரைக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. இப்போது இதை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன் பாருங்கள், எடையே இல்லை. ஒரு காலத்தில் தொடை மரத்துப்போகும். கை ஓங்குகிற தெம்பே எனக்கு இல்லாமல் போய்விட்டது.

அதனால் அவன் யாராக இருந்தாலும் சரி, சொல்கிறேன், நீங்களும் சாட்சிக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். காலில் விழ வேண்டாம். பஞ்சாயத்து கிடையாது, சண்டை கிடையாது, பெயரைக்கூட வெளியில் சொல்ல மாட்டேன். இன்றைக்கு டாக்டரம்மா முன்னால் அவன் வந்து நிற்க வேண்டும். இந்தக் கூடையைத் திறந்து, இதன் முகத்தை நேராகப் பார்த்து, "இனிமேல் கொடுக்க மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்க வேண்டும். இது பழையபடி தானாகவே அந்தச் சுவரில் ஏறி உட்காருகிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். கெடுத்தவன் அவன், அவனால்தான் சரி பண்ண முடியும், வேறு யாராலும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன், பண்டிகைக்கு மட்டும் கொடுக்கிறேன் என்று துண்டை விரித்துக்கொண்டு வந்தானென்றால் தொலைத்துவிடுவேன். இந்த ஒன்றில் மட்டும் பேரம் கிடையாது.